மீட்டர் 38 காட்டுகிறது, மூக்கு எரிகிறது

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் காற்றுத் தூசியை அளக்கும் சின்ன மீட்டர்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு ராணிப்பேட்டை, ஆம்பூர், காட்பாடி, ஆரணி என்று நம் வடாற்காட்டுப் பக்கத்திலிருந்தே கட்டுக் கடிதம் வந்துவிட்டது. ஓர் ஊரில் தோல், ஓர் ஊரில் கல், ஓர் ஊரில் உமிச் சாம்பல், எல்லா ஊருக்கும் பொதுவாக ஹைவே லாரி. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இதற்கே. இந்தக் கருவிகளைப் பழுது பார்ப்பதும் காலிபரேஷன் செய்வதுமாக (எண் சரியா என்று சோதித்துத் திருத்துவது) இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவன் நான், கையில் பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஒரு வாசகி, ராணிப்பேட்டை சிப்காட் அருகே): ஆன்லைனில் மூவாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு மீட்டர் வாங்கினேன் சார். சாயங்காலம் ஆனால் நாற்றம் தாங்க முடியவில்லை, மூக்கு எரிகிறது, சின்னவனுக்கு இருமல். மீட்டரோ 38 என்று பச்சையில் நிற்கிறது. மீட்டர் பொய்யா, என் மூக்கு பொய்யா?

பதில்: இரண்டும் உண்மைதான் அம்மா. நீங்கள் வாங்கியது தூசி மீட்டர். அதற்குள் ஒரு சின்ன ஃபேன், ஒரு லேசர், எதிரே ஒளியை உணரும் ஒரு கண், அவ்வளவுதான் இருக்கிறது. ஃபேன் காற்றை உள்ளே இழுக்கும், தூசித் துகள் லேசரைக் கடக்கும்போது ஒளி சிதறும், அந்தச் சிதறலைப் பார்த்து ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் தூசி என்று அது கணக்குப் போட்டுச் சொல்கிறது. இரண்டரை மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள தூசிக்குத்தான் பிஎம் 2.5 என்று பெயர், தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் 24 மணி நேர வரம்பு 60. அதை வைத்துத்தான் 38க்குப் பச்சை காட்டுகிறது போலிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன 24 மணி நேர அளவு 15தான், அதன்படி பார்த்தால் 38 நல்ல எண் இல்லை.

உங்கள் மூக்கை எரிப்பது தூசியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அம்மோனியா, அமில ஆவி, ஹைட்ரஜன் சல்ஃபைடு எல்லாம் வாயுக்கள். வாயு லேசரைச் சிதறடிக்காது, அதனால் அந்த மீட்டரைப் பொறுத்தவரை அவை இல்லவே இல்லை. அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு 0.01 பிபிஎம் (ஒரு பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும், ஆலைகளில் தொழிலாளிகள் இடுப்பில் மாட்டும் பல மீட்டர்கள் அந்த அளவுக்குப் பூஜ்யம்தான் காட்டும். உங்கள் மூக்கை நம்புங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ராணிப்பேட்டை என்பதால். பழைய குரோமியக் கழிவு உங்கள் ஊரில் குவிந்து கிடக்கும் கதை உங்களுக்கே தெரியும். அந்த 38 மைக்ரோகிராமுக்குள் மண் எவ்வளவு, புகை எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று லேசருக்குத் தெரியாது. ஃபில்டர் தாளில் தூசியைப் பிடித்து லேபுக்கு அனுப்பினால்தான் தெரியும். மணிக்கொரு முறை எக்ஸ்கதிர் பாய்ச்சி உலோகங்களின் அளவைச் சொல்லும் பெரிய கருவிகளும் உண்டு, ஆனால் அவைகூட மொத்தக் குரோமியத்தைச் சொல்லுமே தவிர, அதில் ஆபத்தான ஆறாம் வகை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

இப்போதைக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். நாற்றம் வந்த தேதி, நேரம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது, என்ன மாதிரி நாற்றம், பையனுக்கு இருமல் இருந்ததா. ஒரு மாதம் எழுதிய நோட்டை மாசு கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் மனுவோடு சேர்த்துக் கொடுத்தால், சும்மா "நாறுது" என்று சொல்வதைவிட நூறு மடங்கு கனம் அதற்கு. பையனை டாக்டரிடம் காட்டும்போதும் அந்த நோட்டை எடுத்துப் போங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, சத்துவாச்சாரி): என் போனில் உள்ள ஆப் காற்றுத் தரம் 153, சிவப்பு என்கிறது. அரசாங்கத்தின் சமீர் ஆப் 100, திருப்தி என்கிறது. ஒரே ஊர், ஒரே நேரம். யாரை நம்புவது?

பதில்: இரண்டும் ஒரே காற்றைச் சொல்ல வாய்ப்பு இருக்கிறது. காற்றில் பிஎம் 2.5 அளவு 60 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள். 2014இல் வந்த இந்தியக் கணக்குப்படி அது 100. அமெரிக்கக் கணக்குப்படி 150ஐத் தாண்டிவிடும். வெளிநாட்டு ஆப்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கைத்தான் போடுகின்றன. அதோடு, இந்தியக் குறியீடு தூசிக்குக் கடந்த 24 மணி நேர சராசரியை எடுக்கிறது, சில ஆப்கள் இந்த ஒரு மணி நேரத்தை மட்டும் எடுக்கும். அதனால் எந்த ஆப்பிலும் அந்தக் கலர் எண்ணை விட்டுவிட்டு, உள்ளே போய் மைக்ரோகிராம் எவ்வளவு என்று காட்டினால் அதைப் பார். அந்த எண்ணுக்குத்தான் நாடு கிடையாது. அப்புறம், அந்த ஆப் எந்த நிலையத்திலிருந்து எடுக்கிறது என்றும் பார்த்துவிடு. வேலூரில் வசந்தபுரத்திலும், ராணிப்பேட்டையில் சிப்காட்டிலும் வாரியத்தின் தானியங்கி நிலையம் இருக்கிறது. நிலையமே இல்லாத இடத்துக்கும் சில ஆப்கள் செயற்கைக்கோள் படத்தையும் கணக்கையும் வைத்து ஓர் எண் போட்டுவிடும், அது அளந்த எண் இல்லை.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவன், வேலூர்): வாரியத்தின் காற்று அளக்கும் நிலையத்துக்குள் என்ன இருக்கும்? மேலே குழாய் குழாயாக நிற்கிறது.

பதில்: நல்ல கேள்வி தம்பி. இந்த மாதிரி நிலையம் என்பது ஏசி போட்ட ஒரு சின்ன அறை. மேலே நிற்கும் குழாய்கள் வழியாகக் காற்றை உறிஞ்சி உள்ளே இருக்கும் பெட்டிகளுக்குக் கொடுக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வித்தை தெரியும், எனக்கு இன்றைக்கும் அதைத் திறந்து பார்த்தால் சந்தோஷம்தான். நைட்ரஜன் ஆக்சைடைப் பார்க்கும் பெட்டி தனக்குள்ளேயே ஓசோனைத் தயாரித்துக் காற்றோடு கலக்கும், நைட்ரிக் ஆக்சைடும் ஓசோனும் சேர்ந்தால் மெலிதாக ஒளி வரும், அந்த ஒளியை எண்ணும். சல்ஃபர் டை ஆக்சைடுக்குப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் அது திருப்பி மினுங்கும், அந்த மினுக்கம்தான் அளவு. ஓசோன் 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியை விழுங்கும், கார்பன் மோனாக்சைடு அகச்சிவப்பை விழுங்கும், எவ்வளவு விழுங்கியது என்று பார்த்தால் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தூசிக்குப் பெரும்பாலும் பீட்டா கருவி வைப்பார்கள். அதில் கேசட் டேப் மாதிரி ஒரு ஃபில்டர் நாடா. ஒரு பக்கம் கார்பன் 14 என்ற கதிரியக்கப் பொருள் மிகக் கொஞ்சம், மறுபக்கம் பீட்டா துகளை எண்ணும் கருவி. சுத்தமான நாடா வழியாக எத்தனை பீட்டா வந்தது என்று முதலில் எண்ணும், பிறகு நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை அந்த இடத்தில் இழுக்கும், தூசி படிந்ததும் திரும்ப எண்ணும். எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்பதை வைத்துத்தான் தூசியின் எடை. நாடா கொஞ்சம் நகரும், அடுத்த மணி நேரத்துக்கு அடுத்த வட்டம். உபயோகித்த நாடாவைப் பார்த்திருக்கிறேன், வரிசையாகச் சாம்பல் நிறப் பொட்டு, போகி காலையின் பொட்டு மட்டும் கரி அப்பிய மாதிரி கறுப்பு.

கேள்வி (காட்பாடி தாண்டி ஒரு கிராமம்): பக்கத்தில் கல் கிரஷர். திண்ணையில் காலையில் துடைத்தால் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. ஆனால் என் மருமகன் வாங்கி வந்த மீட்டரில் பிஎம் 10 வெறும் 55. இதை எடுத்துக்கொண்டு கலெக்டரிடம் போனால் சிரிப்பார்கள் போலிருக்கிறது.

பதில்: அந்த மீட்டரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள் ஐயா, உங்கள் வழக்கை நீங்களே கெடுத்துக்கொள்வீர்கள். விலை குறைந்த லேசர் மீட்டர்களில் பெரிய குறை இதுதான், யாரும் அட்டைப் பெட்டியில் எழுதுவதில்லை. அவை புகை மாதிரி நுண்ணிய தூசியை ஓரளவு நன்றாகப் பார்க்கும். கல் தூசி, பாலாற்று மணல் தூசி மாதிரி கனமான பெரிய துகள் அந்தச் சின்ன ஃபேனின் இழுப்புக்கு வளைந்து உள்ளே வராது, வந்தாலும் சரியாக எண்ணப்படாது. திரையில் வரும் பிஎம் 10 எண், பல மீட்டர்களில், சின்னத் தூசியின் எண்ணை வைத்து ஊகித்துப் போட்டது. பட்டாசுப் புகைக்கு அந்த ஊகம் பரவாயில்லை, கிரஷருக்குச் சுத்தமாக உதவாது. போதாததற்கு, திண்ணையில் கண்ணுக்குத் தெரியும்படி படிவதில் பாதிக்கு மேல் 10 மைக்ரானைவிடப் பெரிதாகவே இருக்கும், அது பிஎம் 10 கணக்கிலேயே வராது.

உங்களுக்கு வேண்டியது எடை போடும் கருவி. வீட்டு மாடியில் வைப்பார்களே, குடிசை மாதிரி கூரை வைத்த பெட்டி, வாக்யூம் கிளீனர் மாதிரி கத்தும், அதுதான். ஃபில்டர் தாளை முன்னும் பின்னும் எடை போட்டு வித்தியாசம் பார்ப்பது. உடனே எண் வராது, ஆனால் அந்த எண்ணை யாரும் தட்டிக் கழிக்க முடியாது. "கிரஷர் ஓடும் நாளில், காற்று எங்கள் பக்கம் அடிக்கும்போது அளக்க வேண்டும்" என்று மனுவில் தெளிவாக எழுதிக் கேளுங்கள். கிரஷர் ஓடாத நாளில் வந்து அளந்துவிட்டுப் போன கதை எனக்குத் தெரியும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பிஎம் 10க்கு 24 மணி நேர வரம்பு 100.

கேள்வி (காலை நடைக்காரர், வேலூர்): மார்கழியில் கோட்டை அகழி ஓரம் ஆறு மணிக்கு நடக்கும்போது கையில் உள்ள மீட்டர் 160 காட்டுகிறது. ஒன்பது மணிக்கு அதே இடத்தில் 50. பனி தூசியா?

பதில்: பாதி பனி, பாதி உண்மையான தூசி. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் தூசித் துகள் தண்ணீரை உறிஞ்சி உப்பும், உப்பிய துகள் அதிகமாக ஒளியைச் சிதறடிக்கும், மீட்டர் ஏமாந்து கூட்டிச் சொல்லும். மூடுபனித் துளியையே தூசி என்று எண்ணுவதும் உண்டு. நிலையத்துப் பீட்டா கருவியில் உறிஞ்சும் குழாயைச் சூடாக்கி ஈரத்தை விரட்டுவதால் அங்கே இந்தக் கோளாறு குறைவு. ஆனால் குளிர்காலக் காலையில் தரையோடு ஒட்டிய காற்று மேலே எழும்பாமல் கிடக்கும் என்பதும் நிஜம், ராத்திரி எரித்த குப்பைப் புகையும் லாரிப் புகையும் நம் தலை உயரத்திலேயே தேங்கும். அதனால் 160ஐ அப்படியே நம்ப வேண்டாம், பனிதானே என்று ஒதுக்கவும் வேண்டாம். ஒரு வாரம் உங்கள் எண்ணையும் வசந்தபுரத்து எண்ணையும் அதே மணிக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், பனி நாளில் உங்கள் மீட்டர் எத்தனை மடங்கு கூட்டுகிறது என்று பிடிபட்டுவிடும். இளைப்பு இருந்தால் நடையை எட்டு மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (சூப்பர்வைசர், ஆம்பூர்): டேனரியில் வேலை. எங்க நைனா காலத்திலிருந்து கழிவுத் தொட்டியில் மெழுகுவத்தியைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள், அணையாவிட்டால் ஆள் இறங்கலாம். இப்போது நாலு வாயு மீட்டர் வாங்கணும் என்றால் முதலாளி தயங்குகிறார். மெழுகுவத்தி போதாதா?

பதில்: போதாது. கடிதத்தைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இந்தப் பக்கத்தை அப்படியே கிழித்து முதலாளியிடம் கொடுங்கள்.

மெழுகுவத்தி ஒன்றே ஒன்றைத்தான் சொல்லும், ஆக்சிஜன் ரொம்பக் குறைந்துவிட்டதா என்று. அதுவும் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கினால்தான் அணையும். நல்ல காற்றில் 20.9 சதவீதம் இருக்கும், மீட்டர் 19.5லேயே கத்த ஆரம்பித்துவிடும். தோல் தொட்டியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. முடி நீக்கப் போடும் சோடியம் சல்ஃபைடு கலந்த கழிவில் அமிலத் தண்ணீர் சேர்ந்தால் அந்த வாயு கிளம்பும், சேறு அழுகினாலும் கிளம்பும். ஒரு மனிதனை ஓரிரு மூச்சில் சாய்க்க 1000 பிபிஎம் போதும். 1000 பிபிஎம் என்றால் காற்றில் 0.1 சதவீதம். அதற்கு மெழுகுவத்தி அசையக்கூட அசையாது, அழகாக எரிந்துகொண்டே இருக்கும். தொட்டியில் மீத்தேன் இருந்தாலோ அதே சுடர் தொட்டியையே வெடிக்க வைக்கும்.

நாற்றம் அடித்தால் தெரியுமே என்பார்கள். ராணிப்பேட்டை அம்மாவுக்கு மூக்கை நம்புங்கள் என்று சொன்ன நானே இங்கே நம்பாதீர்கள் என்கிறேன். 100 பிபிஎம் அளவை நெருங்கினால் இந்த வாயு மூக்கின் உணர்வையே மரத்துப் போகச் செய்துவிடும். "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று சொல்லும் நேரம்தான் மிக மோசமான நேரம்.

நாலு வாயு மீட்டர் ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு நான்கையும் ஒரே சமயத்தில் பார்க்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குப் பொதுவாக 10 பிபிஎம்மில் அலாரம் வைப்பார்கள். வாங்கும்போது பம்ப்பும் ட்யூபும் உள்ளதாக வாங்குங்கள், மேலே நின்றபடியே தொட்டியின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் காற்றை இழுத்துப் பார்க்க அதுதான் வழி. இந்த வாயு காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். ட்யூபை இறக்கினதும் எண்ணைப் பார்க்காதீர்கள். காற்று ட்யூப் வழியாக ஏறி வர வேண்டும், சென்சாருக்கும் நேரம் வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடமாவது நிறுத்துங்கள். அப்புறம் முக்கியமானது, சேற்றைக் கிளறினால் அதுவரை உள்ளே அடைபட்ட வாயு சோடா பாட்டிலைக் குலுக்கின மாதிரி பொங்கி வரும். இறங்கும் முன் பூஜ்யம் என்பது இறங்கி மண்வெட்டி போட்ட பின் செல்லாது. மீட்டர் இறங்குகிறவர் நெஞ்சில் கடைசி வரை இருக்க வேண்டும்.

ஒரு தடவை ஓர் ஆலைக்குக் காலிபரேஷனுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். மீட்டர் பளபளவென்று இருந்தது, திரையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு 0. சோதனை சிலிண்டரிலிருந்து 25 பிபிஎம் வாயுவைக் கொடுத்தேன், அப்போதும் 0. சென்சாரின் ஆயுள் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த மீட்டரை மாட்டிக்கொண்டுதான் அத்தனை நாளும் ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள். இந்த மின்வேதி சென்சார் செத்தாலும் பூஜ்யம்தான் காட்டும், நல்ல காற்றிலும் பூஜ்யம்தான். வித்தியாசம் தெரிய ஒரே வழி, தினமும் இறங்கும் முன் சோதனை வாயுவை ஒரு தடவை காட்டி அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பது. ஒரு நிமிட வேலை. மீட்டரோடு அந்தச் சிலிண்டரையும் சேர்த்து வாங்குங்கள், இரண்டு மூன்று வருடத்தில் சென்சார் மாற்றும் செலவையும் இப்போதே முதலாளியிடம் சொல்லி வையுங்கள்.

மீட்டர் வந்துவிட்டது என்பதற்காக ஆளை இறக்கவும் கூடாது. பாதுகாப்புக் கவசம் இல்லாமல் கழிவுநீர்க் கால்வாயிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவது 2013ஆம் வருடச் சட்டப்படி குற்றம். மெஷின் வைத்து உறிஞ்ச முடிந்தால் உறிஞ்சுங்கள். முடியவே இல்லை என்றால் ப்ளோயர், வெளியிலிருந்து காற்று வரும் முகக் கவசம், இடுப்பில் கயிறு, மேலே இருந்து இழுக்க முக்காலி, மேலேயே நிற்கும் ஒரு ஆள், எல்லாம் வேண்டும். ஒருவர் உள்ளே விழுந்தால் பின்னாலேயே யாரும் குதிக்கக் கூடாது என்று உங்கள் ஆட்களுக்கு இன்றைக்கே சொல்லுங்கள். அண்ணன் விழுந்தான் என்று தம்பி குதிப்பான், தம்பிக்காகப் பக்கத்து ஆள் குதிப்பான். இப்படித்தான் ஒரே தொட்டியில் மூன்று பேர் நான்கு பேர் போகிறார்கள்.

கேள்வி (குடியாத்தம்): தீபாவளி ராத்திரி மீட்டர் 999இல் அசையாமல் நின்றுவிட்டது. ரிப்பேரா?

பதில்: இல்லை, திரையில் மூன்று இலக்கத்துக்குத்தான் இடம். பல மீட்டர்களுக்கு 500க்கு மேலேயே கணக்கு ஒழுங்காக இருக்காது. மறுநாள் உள்ளே படிந்த கரியை ஊதிச் சுத்தம் செய்யுங்கள், லேசர் கண்ணில் விரல் வைக்காதீர்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, ஆரணி): ஏசி வகுப்பறைக்குக் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கினோம். நாற்பது பிள்ளைகள் இருக்கும்போது 450. சரஸ்வதி பூஜைக்கு ஊதுவத்தி ஏற்றினால் 3000.

பதில்: உங்களுக்குக் கொடுத்தது கார்பன் டை ஆக்சைடு மீட்டரே இல்லை டீச்சர். வாசனை ஆவிகளை உணரும் சென்சாரை வைத்து, அதிலிருந்து ஊகித்துக் கார்பன் டை ஆக்சைடு என்று போடுகிறார்கள். உண்மையான மீட்டர் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்யும், என்டிஐஆர் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெளிக்காற்றில் இன்றைக்கு 420 பிபிஎம்முக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. மூடிய வகுப்பில் நாற்பது பேர் ஒரு மணி நேரம் இருந்தால் 2000 போவதெல்லாம் சாதாரணம், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நல்ல மீட்டரிலும் ஒன்றைக் கவனியுங்கள். பல மீட்டர்கள் ஒரு வாரத்தில் தான் பார்த்த மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும். ஜன்னலே திறக்காத அறை என்றால் அது தப்பாகத் திருத்திக்கொள்ளும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மரத்தடியில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். நல்ல மீட்டர் வரும் வரை ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடலாம், அதற்கு மீட்டர் வேண்டாம்.

கேள்வி (பொறியியல் மாணவன், காட்பாடி): ப்ராஜெக்டுக்கு எம்க்யூ 135 சென்சார் வைத்து அம்மோனியா, பென்சீன், புகை எல்லாவற்றையும் பிபிஎம்மில் காட்டப் போகிறேன். கைடு சரி என்கிறார்.

பதில்: தம்பி, பிபிஎம் என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடு. அது டின் டை ஆக்சைடு சென்சார், 1960களில் ஜப்பானில் தகுச்சி என்பவர் வீட்டு கேஸ் கசிவைக் கண்டுபிடிக்க உருவாக்கிய வழியில் வந்தது. சூடான அந்தப் பரப்பில் எந்த ஆவி பட்டாலும் மின்தடை மாறும். அம்மோனியா, சாராயம், புகை எதுவென்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது, ஈரமும் வெயிலும் மாறினாலும் எண் மாறும். புதிதாக வாங்கினால் ஒரு முழு நாளாவது சூடேற விட்டுத்தான் அளக்கவே வேண்டும். "காற்று மாறியிருக்கிறது" என்று சொல்ல அது நல்ல சென்சார், அந்த அளவில் வைத்தால் உன் ப்ராஜெக்ட் நேர்மையாக இருக்கும். அதோடு ஒரு லேசர் தூசி சென்சாரும் ஒரு ஈரப்பத சென்சாரும் சேர்த்துக்கொள். வாரியத்திடம் அனுமதி கேட்டு நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு வாரம் வைக்க முடிந்தால் வை. கிடைக்காவிட்டால் அருகில் ஏதாவது மொட்டை மாடியில் வைத்து, அந்த நிலையத்தின் மணிக்கணக்கு மைக்ரோகிராம் எண்ணோடு ஒப்பிடு. வெயில் நாள், மழை நாள், பனி நாள் மூன்றும் அதற்குள் வந்தால் அதிர்ஷ்டம். எண்கள் கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.